குறும்பாடும் கம்பளியும்

இராமநாதபுரத்திற்குத் தென்மேற்கே உள்ள பழம்பதி உத்தரகோசமங்கை. மரகதத் திருமேனியுடைய நடராசப் பெருமானால் புகழ்பெற்ற ஊர் இது. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் விளங்கும் அத்திருமேனியை, மார்கழித் திருவாதிரையை ஒட்டியே காப்புக் களைந்து காண இயலும். அந்நாளில் நாற்றிசையினின்றும் மக்கள் வந்து திரள்வர். கண்டு வணங்கித் திரும்புவர். கோயிலுக்கு அப்பால் பரந்து கிடக்கும் வெளியை நின்று நோக்குவோர் சிலரே. அது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் ஒருபோகம் நெல் விளையும். நிறையாவிடின் உடைமரமும் சீமைக் கருவேலமுமே பசுமை காட்டும். ஆயினும் அவ்வெளி வறிய வெளியன்று. அறுவடை முடிந்த வயல்களில் மாலைதோறும் வெண்மேகம் இறங்கினாற்போல ஆட்டுமந்தைகள் வந்து படுக்கும். இதனைக் கிடை அமர்த்துதல் என்பர். இரவு முழுவதும் ஆடுகள் இடும் புழுக்கையும் நீரும் நிலத்திற்கு உரமாகும். அதற்கு ஈடாக உழவர் நெல்லோ பணமோ அளிப்பர். மந்தைகளுக்குத் தலைவராயிருப்பவரைக் கீதாரி என அழைப்பது இப்பக்கத்து வழக்கம். கோடை முற்றியதும் இவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு சோழநாட்டுக் காவிரிப் படுகை வரையிலும் நடந்து செல்வர்.

இம்மந்தைகளில் பெரும்பாலானவை இராமநாதபுரம் வெள்ளை என்னும் இனத்தைச் சேர்ந்தவை. நிறம் வெண்மை, சிலவற்றின் உடலில் செம்மையோ கருமையோ புள்ளியிட்டிருக்கும். கடாக்களுக்கு முறுக்கிய கொம்பு உண்டு, பெட்டைக்குக் கொம்பில்லை. இவ்வாட்டினைத் தடவிப் பாருங்கள். கையில் படுவது குட்டையான வழவழப்பான உரோமமேயன்றிக் கம்பளி அன்று. செம்மறி என்றாலே உடல் முழுதும் சுருள்மயிர் சூழ்ந்த விலங்கு எனப் படப்புத்தகங்களில் கண்டு பழகிய மாணவர்க்கு இது வியப்பளிக்கலாம். சிறுவனாயிருந்தபொழுது எனக்கும் அவ்வியப்பு உண்டாயிற்று. அது நீங்கிய கதையை முதற்கண் கூறுகின்றேன்.

அது ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி. எங்கள் வயலில் கிடை அமர்த்தியிருந்தனர். கிடைகாப்போருக்கு இரவு உணவு கொண்டுசெல்லுமாறு தந்தையார் என்னைப் பணித்தார். தூக்குச்சட்டியுடன் நான் வயலை அடைந்ததும் வானம் இருண்டது. காற்றுடன் மழை பொழியலாயிற்று. ஒதுங்குவதற்கு ஒரு மரமும் அருகில் இல்லை. நடுங்கி நின்ற என்மீது கீதாரி தம் கருநிறக் கம்பளியைப் போர்த்தினார். போர்த்திய மறுகணமே நான் நெளிந்தேன். கழுத்திலும் தோளிலும் அது முள்ளெனக் குத்திற்று, ஆட்டுவாடையும் வீசிற்று.

"இது குத்துகிறதே, ஐயா!" என்றேன்.

"குத்தட்டும், தம்பி. குத்துகிற மயிர் வெளியே நின்று மழையை வழித்துவிடும். குத்தாத மயிர் உள்ளே நின்று சூட்டைக் காக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இது கம்பளி. பட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு இந்த மழையில் நிற்க முடியுமா?" என்றார் அவர்.

"இது நம் ஆட்டின் மயிரா?" எனக் கேட்டேன்.

அவர் நகைத்தார். "நம் ஆட்டில் மயிர் ஏது? இந்த வெயிலில் இதற்கு எதற்குப் போர்வை? இது வடக்கே மேயும் குறும்பாட்டு மயிர். அந்த ஆடு வேறு, அதன் தொழில் வேறு" என்றார்.

மழை ஒரு நாழிகை பெய்து ஓய்ந்தது. கம்பளியின் மேற்புறம் நனைந்திருந்தது. என் உடல் நனையவில்லை. கீதாரியோ முழுதும் நனைந்திருந்தார். அவர் கூறிய சொற்களின் முழுப்பொருளைப் பல ஆண்டுகள் கழித்தே நூல்களின் வாயிலாக உணர்ந்தேன். எழுத்தறியாத அப்பெரியார் இரண்டு வாக்கியங்களில் கூறியதையே விஞ்ஞானம் விரித்துரைக்கின்றது.

ஆடு தமிழர்க்குப் புதிய செல்வமன்று. ஆண் ஆட்டிற்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் கூறும். ஒரு பொருளுக்குப் பெயர் பலவாதல் அப்பொருளோடு மக்கள் நெருங்கிப் பழகியமைக்குச் சான்றன்றோ? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், மதுரை மாநகரின் அறுவை வீதியைக் கோவலன் காண்கின்றான். ஆங்கு அடுக்கப்பட்டிருந்த துணிகள் பருத்தி நூலாலும் மயிராலும் பட்டு நூலாலும் நெய்யப்பட்டவை என்கிறார் இளங்கோவடிகள். மயிரினால் ஆடை நெய்யும் தொழில் அத்துணைப் பழமை உடையது.

இன்று தமிழ்நாட்டில் கம்பளி தரும் ஆட்டினங்கள் மூன்று. கோயம்புத்தூரிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் வாழ்வது கோயம்புத்தூர்க் குறும்பை. இதன் உடல் வெண்மை. தலையிலும் கழுத்திலும் கருமையோ பழுப்போ படர்ந்திருக்கும். திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், தருமபுரிப் பகுதிகளில் வாழ்வது திருச்சிக் கறுப்பு. இது சிறிய உடலும் முழுக்கருமையும் உடையது. இவ்விரண்டின் மயிரும் முரடானது. நெருங்கிச் செறியாமல் விரிந்து தொங்குவது. மூன்றாவது நீலகிரி இனம். 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் தாசுமேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய அயல்நாட்டு இனங்கள் கலந்து உருவானது அது. குளிர்மலையில் வாழும் அதன் மயிர் மெல்லியது. ஏனைய நம் செம்மறிகள், மேச்சேரியாயினும் சென்னைச் சிவப்பாயினும் கீழக்கரிசலாயினும் வேம்பூராயினும், இராமநாதபுரம் வெள்ளையைப் போல உரோம ஆடுகளே.

இனி, கம்பளி மயிரின் இயல்பைக் காண்போம். மயிர் ஒன்றைக் குறுக்கே அரிந்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், அதன் அமைப்பு விளங்கும். வெளிப்புறத்தே ஓட்டுக் கூரை வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கும். அதற்குள்ளே இருப்பது புறணி. மயிரின் வலிமையும் மீள்தன்மையும் இதனால் அமைவன. சில மயிர்களில் மட்டும், புறணிக்கும் உள்ளே, நாணலின் நடுவில் உள்ள நெட்டி போன்று காற்றறைகள் நிறைந்த அகணி ஒன்று காணப்படும். இவ்வகணி உண்டா இல்லையா, உண்டெனின் எவ்வளவு என்பதே மயிரின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

அகணி இல்லாத மயிர் மெல்லியதாய், அலையலையாய்ச் சுருண்டிருக்கும். இதுவே உண்மையான கம்பளி மயிர். நாம் இதனை மென்மயிர் என்போம். அகணி தொடர்ந்து ஓடும் மயிர் தடித்து நீண்டு, சுருளின்றி நேராயிருக்கும். இது வன்மயிர். ஒரே மயிரில் ஓரிடத்து அகணி தோன்றி மற்றோரிடத்து மறைவதும் உண்டு, அது இடைமயிர். நான்காவதாக ஒன்றுள்ளது. குட்டையாய், சுண்ணாம்பு போல வெளுத்து, எளிதில் முறிவதாய், தானே உதிர்ந்து விழுவதாய் உள்ள கட்டைமயிர் அது. அதன் பருமனில் பெரும்பகுதி அகணியே. சாயத்தில் இட்டாலும் நிறம் ஏறியதாகத் தோன்றாது. எனவே, கட்டைமயிர் மிகுந்த கம்பளியை எவரும் விரும்புவதில்லை.

மயிரின் பருமனை மைக்ரான் என்னும் அளவையால் அளப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உள்ளது. மெரினோ ஆட்டின் மயிர் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் குறைந்தது. மெல்லிய மயிர் உடலில் பட்டால் வளைந்துகொடுக்கும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட மயிரோ வளையாது தோலில் ஊன்றும். அன்று என் கழுத்தில் முள்ளெனக் குத்தியது இத்தகைய மயிரே. நம் குறும்பாட்டின் உடலில் மென்மயிரும் இடைமயிரும் வன்மயிரும் ஒருங்கே முளைக்கின்றன. இக்கலப்பினையே முரட்டுக் கம்பளி என்கிறோம்.

முரடு என்றவுடன் இழிவு என எண்ணற்க. மென்மயிர்களின் சுருள்களுக்கிடையே காற்றுத் தங்குகின்றது. தங்கிய காற்று உடற்சூட்டை வெளியே விடுவதில்லை. நீண்ட வன்மயிர்கள் வெளியே நின்று மழைத்துளிகளை வழியச் செய்கின்றன. மேலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரையிலும் ஈரத்தை உள்வாங்கினாலும், தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. கீதாரி கூறிய 'குத்துகிற மயிர், குத்தாத மயிர்' என்னும் பாகுபாடு எவ்வளவு பொருத்தமானது!

தரை விரிப்புக்கு இம்முரட்டு மயிரே ஏற்றது. மென்மயிரால் விரிப்பு நெய்தால், சில நாள் மிதித்த அளவில் அது படிந்துவிடும். வன்மையும் மீள்தன்மையும் கலந்த மயிரோ மிதிக்க மிதிக்க நிமிரும். இந்தியாவில் கிடைக்கும் கம்பளி மயிரில் ஏறத்தாழ 85 விழுக்காடு விரிப்பு நெய்தற்குரியது. 5 விழுக்காடே ஆடைக்குரியது. எஞ்சிய 10 விழுக்காடு முரட்டுப் போர்வைக்குரியது என்பது நடுவணரசின் ஜவுளித்துறைக் கணக்கு. பதோகி, மிர்சாப்பூர் முதலிய வடநாட்டு ஊர்களின் விரிப்புகள் உலகப் புகழ் பெற்றவை. இராசத்தானத்துச் சொக்லா, மக்ரா ஆகிய ஆடுகளின் மயிர் விரிப்புத் தொழிலில் நன்கு மதிக்கப்பெறுகின்றது. அம்மாநிலத்து அவிகாநகரில் 1962-ஆம் ஆண்டு நடுவண் செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கப்பெற்றது. 'அவி' என்பது ஆட்டைக் குறிக்கும் வடசொல். ஊர்ப்பெயரிலேயே ஆடு இருத்தலைக் காண்க. அந்நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் இயங்கி வருகின்றது.

முரட்டு மயிர் கம்பளியாகும் முறை அழகியது. தென்னாட்டில் ஆண்டிற்கு இருமுறை ஆடுகளுக்கு மயிர் கத்தரிப்பது வழக்கம். கத்தரித்த மயிரில் முள்ளும் நெருஞ்சியும் மண்ணும் ஆட்டின் வியர்வைப் பிசுக்கும் கலந்திருக்கும். அவற்றை நீக்கியபின், வில்லின் நாணை அதிரச் செய்து மயிரைப் பிரித்துப் பஞ்சாக்குவர். பின்னர்க் கையால் நூற்றுப் பாவோட்டுவர். தக்காண நாட்டுக் கம்பளி நெசவாளர், புளியங்கொட்டைப் பசையைப் பாவில் தடவி நூலை உறுதியாக்குவர். நெய்து முடித்த கம்பளியை நீரில் நனைத்து மிதிப்பதும் உண்டு. அப்பொழுது மயிர்களின் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள, நெசவு இறுகும். பிரிக்க விரும்பினாலும் பிரியாத இவ்விறுக்கம் பருத்தி நூலுக்கு இல்லை.

இத்துணைப் பயனுடைய மயிர் இன்று எந்நிலையில் உள்ளது? ஆசிரியப் பணியின்பொருட்டுப் பெரம்பலூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நான் வாழ்ந்தேன். ஒருநாள் அவ்வூரில் திருச்சிக் கறுப்பு ஆடுகளுக்கு மயிர் கத்தரித்துக்கொண்டிருந்தனர். ஆட்டின் கால்களைக் கட்டிப் படுக்கவைத்து, தோலில் கீறல் படாமல், பெரிய கத்தரியால் மயிரை அவர்கள் களைந்த திறம் கண்கொள்ளாக் காட்சி. மாலையில், கத்தரித்த மயிர் முழுவதையும் வாரிக்கொண்டுபோய் ஊர்ப்புறத்துப் பள்ளத்தில் கொட்டினர். நான் திடுக்கிட்டேன்.

"பெரியவரே, இதனை ஏன் கொட்டுகிறீர்கள்?" என மந்தைக்குரியவரைக் கேட்டேன்.

"வாத்தியார் ஐயா, கத்தரிப்பவருக்குக் கொடுத்த கூலிகூட இதை விற்றால் வராது. கத்தரிக்காமலும் விட முடியாது. ஆட்டுக்கு வெப்பம் தாங்காது, உண்ணி பற்றும். வேறு என்ன செய்வது?" என்றார் அவர்.

நூலறிவின் செருக்கால், "மெரினோக் கடா வாங்கி மந்தையில் விடுங்கள், மயிர் மெல்லியதாகும், விலையும் ஏறும்" என அவருக்கு அறிவுரை கூறினேன். அவர் சினவாமல் மறுமொழி தந்தார்: "மயிர் மெல்லியதாகும், ஐயா. ஆனால் அந்த ஆடு இந்த வெயிலில் நாளெல்லாம் நடக்குமா? இந்த முட்காட்டில் மேயுமா? மயிருக்காக ஆட்டை இழக்கலாமா?"

அவர் வினாவில் நியாயம் இருந்தது. மெரினோ குளிர்ந்த நாட்டிலும் வறண்ட பரந்த புல்வெளியிலும் பேணி வளர்க்கப்படும் ஆடு. ஆண்டொன்றுக்கு நான்கைந்து கிலோகிராம் மயிர் தரும். நம் நாட்டு ஆடுகள் சராசரியாக ஒரு கிலோகிராமும் தருவதில்லை. எனினும், நம் சமவெளியின் வெப்பத்தையும் நோய்களையும் அயலினக் கலப்பு ஆடுகள் தாங்குதல் அரிது. அதனால்தான் நுண்மயிர் முயற்சிகள் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் நிகழ்ந்தன. அங்கும் நீலகிரி ஆட்டின் எண்ணிக்கை இந்நாளில் மிகக் குறைந்துவிட்டது.

முரட்டுக் கம்பளி விலையிழந்ததற்குக் காரணங்கள் பல. செயற்கை இழைப் போர்வைகள் மலிவாகக் கிடைக்கின்றன. பானிப்பட்டு ஆலைகள் பழந்துணிகளைப் பிரித்து நூலாக்கிப் போர்வை நெய்து குறைந்த விலைக்கு விற்கின்றன. மேய்ச்சல் நிலங்கள் சுருங்கின. இறைச்சிக்கு விலை ஏற ஏற, மயிர் தரும் ஆட்டை விடுத்து, விரைந்து பருக்கும் உரோம ஆட்டை மக்கள் நாடினர். நூற்போரும் நெய்வோரும் அருகினர். நெய்வார் இல்லாமையால் மயிருக்கு விலை இல்லை. மயிருக்கு விலை இல்லாமையால் ஆட்டைப் பேணுவார் இல்லை. ஒன்று நலிய மற்றொன்றும் நலிகின்றது. ஆட்டினம் ஒன்று கலந்து மறையுமாயின், பல நூற்றாண்டுகளாக இம்மண்ணின் வெப்பத்திற்கும் வறட்சிக்கும் பழகிய அதன் பண்புகளும் உடன் மறையும். பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டாலும் அவற்றை மீட்டல் இயலாது.

ஆயினும் வழி முற்றும் அடைபடவில்லை. கத்தரிக்குமுன் ஆட்டைக் குளிப்பாட்டித் தூய்மை செய்தல் வேண்டும். வெண்மயிரையும் கருமயிரையும் கலவாமல் வைத்தல் வேண்டும். வயிற்றுப்புறத்து மயிரும் பின்தொடைப்புறத்து மயிரும் அழுக்கு மிகுந்தவை. அவற்றைத் தனியே பிரித்தல் வேண்டும். இவ்வளவு செய்தாலே அதே மயிர் மேலும் நல்ல தரமுடையதாகும். நெசவுக்கு ஆகாத மயிரும் வீணன்று. வெப்பம் கடவாமல் தடுக்கும் அட்டைகளாக அதனை அழுத்தலாம். கம்பளி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதில் தழைச்சத்து நிறைந்துள்ளது. மண்ணில் இட்டால் மெல்ல மக்கி, ஈரம் காத்து, பயிருக்கு உரமாகும். பள்ளத்தில் கொட்டிய மயிரை வயலில் பரப்பியிருந்தாலும் நன்மை விளைந்திருக்கும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய கம்பளி இருப்பின், அதனின்று சில இழைகளை உருவி வெள்ளைத்தாளில் பரப்புங்கள். சுருண்டது எது, நேரானது எது, முறிவது எது எனப் பிரித்துப் பாருங்கள். பெரியோர் முன்னிலையில் ஓர் இழையைத் தீயில் காட்டுங்கள். உண்மைக் கம்பளியாயின் மயிர் கருகும் நாற்றம் எழும். தீயை அகற்றியதும் சுடர் தானே அணையும். எஞ்சிய கரி விரலால் நசுக்கப் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகிக் கெட்டியான முத்துப்போலாகும்.

பணி ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னர், மாலைவேளைகளில் கிடைகளைக் காண நான் செல்வதுண்டு. இராமநாதபுரம் வெள்ளை ஆடு கம்பளி தருவதில்லை. ஆனால் உரம் தருகின்றது, நல்ல தோல் தருகின்றது, கடும்வெயிலில் நெடுவழி நடக்கின்றது. குறும்பாடு பட்டுப் போன்ற மயிர் தருவதில்லை. ஆனால் மழையில் நிற்பவனைக் காக்கும் போர்வை தருகின்றது. மெரினோ மழைக்கம்பளி தருவதில்லை. ஆனால் மெல்லாடை தருகின்றது. தரம் என்பது ஒரு பொருள் மற்றொன்றைப் போல இருத்தலன்று. தனக்குரிய பயனைச் செவ்வனே செய்தல். மென்மையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு அளப்பின், நம் நாட்டு ஆடும் அதனைப் பேணும் மனிதரும் என்றும் குறைவுடையவராகவே தோன்றுவர். அன்று மழையில் என்னைக் காத்தது குத்தும் கம்பளியே. அதனை என்மீது போர்த்திவிட்டுத் தாம் நனைந்து நின்றவரும் முரட்டுக் கையினரே.

பயிற்சி

1. கிடை அமர்த்துதலால் உழவரும் இடையரும் பெறும் பயன்கள் யாவை?
2. மென்மயிர், இடைமயிர், வன்மயிர், கட்டைமயிர் ஆகியவற்றின் வேறுபாடுகளை எழுதுக.
3. 'குத்துகிற மயிர், குத்தாத மயிர்' எனக் கீதாரி கூறியதன் கருத்தை விளக்குக.
4. சமவெளியில் மெரினோக் கலப்பு ஏன் பொருந்தவில்லை?
5. பிரித்து எழுதுக: செம்மறி, வன்மயிர், மெல்லாடை, சந்தனக்காப்பு.
6. சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக: செவ்வனே, ஒருங்கே, கண்கொள்ளாக் காட்சி, வானம் பார்த்த பூமி.
7. உங்கள் ஊரில் மறைந்துவரும் கைத்தொழில் ஒன்றைக் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.